அளந்ததுக்கு மேலே ஒரு பிடி

"...கொறஞ்சா மறுமையில பதில் சொல்லப்போறது நான், நீ இல்ல தம்பி. பேசாமப் புடி," என்று சொல்லிக்கொண்டே, தராசுத் தட்டு சாய்ந்து நின்ற பிறகும் ராத்தா இன்னொரு பிடி கருவாட்டை அள்ளி என் பைக்குள் போட்டார். நான் கேட்டது அரைக் கிலோ. வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். அந்தக் கருவாட்டைத் தின்று முடிக்க முன்னமே திரும்ப அந்த வழியால் லொறியில் போய், அடுத்த அரைக் கிலோவையும் அதற்கு மேலே ஒரு பிடியையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ராத்தாவுக்கும் எனக்கும் பழக்கம் வந்தது அப்படித்தான்.

ராத்தா என்றால் அக்கா. கற்பிட்டி ரோட்டில், மாம்புரிக்குக் கிட்ட இருக்கும் முஸ்லிம் சனம் மூத்த சகோதரியை அப்படித்தான் கூப்பிடும். நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், எனக்கும் அவர் ராத்தாதான். அவரைவிட வயது போன மீன் முதலாளிமாருக்கும் ராத்தாதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒருவரையும் நான் காணவில்லை. நானும் இங்கே அதைச் சொல்லப்போவதில்லை.

அவருடைய வாப்பா, அதாவது தகப்பன், வெங்காய வியாபாரி. "எங்கட வாப்பாட தராசு ஒரு நாளும் நேரா நிண்டதில்ல. வாங்குறவன்ட பக்கம் சாஞ்சுதான் நிக்கும்," என்பார் ராத்தா. அளவையில் மோசம் செய்கிறவனுக்கு என்ன நடக்கும் என்று சின்ன வயதில் குர்ஆன் ஓதப்போன இடத்தில் கேட்டிருக்கிறார். அந்தப் பயம் மனதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சரியாக அளந்தால் போதாது, கை தவறி ஒரு துளி குறைந்திருந்தால் என்ன செய்வது என்று ஒரு பிடி கூடப் போடுவார். அந்த ஒரு பிடியில்தான் பறக்கத், அல்லாவின் அருள், இருக்கிறது, அதனால்தான் கடை ஓடுகிறது என்று சத்தியமாக நம்பினார். கடையும் ஓடியது.

அது கருவாட்டோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். தேத்தண்ணியிலும் அதே கதைதான். எனக்குச் சீனி வருத்தம் வந்த வருஷம், கிளாஸை வாயில் வைத்தவுடனே சொன்னேன்: "ராத்தா, டொக்டர் சீனியே வேணாமெண்டு சொல்லியிருக்கார்."

"அதுக்குத்தானே தம்பி ஒரு கரண்டி கொறச்சேன்."

"குறைச்சா எத்தனை கரண்டி போட்டீங்க?"

"மத்த ஆக்களுக்கு நாலு. ஒனக்கு மூண்டு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூண்டும் கொஞ்சமும்," என்றார்.

ஏச்சிலும் கணக்கு அதுதான். பின்னாளில் அவரிடம் வேலை செய்த ரிஸானா என்ற பெண், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு புத்தி சொல்லிக்கொடுப்பாள்: "ராத்தா ஏசி முடிஞ்சிட்டுதெண்டு நெனச்சு எழும்பிப் போயிராதீங்க. மேல ஒரு பிடி இரிக்கி." சொல்லி வாய் மூட முன்னம் உள்ளேயிருந்து அந்த மேல் பிடி வந்து விழும். எல்லோரும் சிரிப்பார்கள். ராத்தாவும் சிரிப்பார். பிறகு ஏசப்பட்டவளுக்கு மட்டும் தேத்தண்ணியோடு ஒரு பணிஸ் கூடுதலாகக் கிடைக்கும்.

பூங்கன்றுக்கு மட்டும் அவருடைய கை ராசியில்லை. கடை வாசலில் ரோசாக் கன்று வைப்பார். காலையில் தண்ணீர், மத்தியானம் தண்ணீர், வெங்காயத் தோட்டத்திலிருந்து வாங்கிவந்த யூரியா. இலை ஓரம் கருகினால் பசிக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் யூரியா. கன்று செத்துப்போகும். "அதுக்கு நசீப் இல்ல, விதி அவ்வளவுதான்," என்பார். அடுத்த கிழமை அதே இடத்தில் இன்னொரு கன்று நிற்கும். எனக்கு அந்தக் கன்றுகளைப் பார்க்கச் சிரிப்பும் வரும், உள்ளுக்குள் ஒரு மாதிரியாகவும் இருக்கும். கொடுத்துக் கொடுத்தே ஒன்றைச் சாகடிக்கலாம் என்பது அவருடைய புத்திக்குள் நுழையவே இல்லை. குறைவைத் தவிர வேறு குற்றம் அவருக்குத் தெரியாது.

கருவாட்டுக் கடைக்குப் பிறகு, அந்தப் பக்கத்தில் பப்பாசித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், ராத்தா பழம் சேர்க்கும் கொட்டில் ஒன்று தொடங்கினார். ஊர்ப் பெண்கள் கொஞ்சப் பேர் சேர்ந்த சங்கம் அது, ராத்தாதான் தலைவி. தோட்டக்காரர்கள் பழத்தைக் கொண்டுவந்து இறக்குவார்கள். பெண்கள் பால் வடிந்த காம்பைத் துடைத்து, கழுவி, உலர்த்தி, கடதாசியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவார்கள். கொழும்புக்கு ஏற்றிப்போவது என்னுடைய லொறி. அங்கே எடுப்பவர் ஒரு ஹாஜியார், மொத்த வியாபாரி, நல்ல மனுஷர். ஆனால் பழத்தில் ஒரு புள்ளி கண்டால் முகம் மாறிவிடும்.

பப்பாசியில் அந்தப் புள்ளிதான் பெரிய தொல்லை. தோட்டத்தில் பார்த்தால் பழம் கண்ணாடி மாதிரி இருக்கும். பழுக்கப் பழுக்கத்தான் கறுத்த புள்ளி எழும்பி, குழி விழுந்து, அழுகும். பூசணம் காயிலேயே தோலுக்குள் ஒளிந்திருந்து, பழம் இளகும் நேரம் பார்த்து வெளியே வருகிறதாம். லொறியில் ஏற்றும்போது இல்லாத புள்ளி கொழும்பில் இறக்கி வைத்து ஒரு நாள் போனால் இருக்கும். ஹாஜியார் ஒரு முறை என்னிடமே கேட்டார்: "தம்பி, வழியில நிப்பாட்டிப் பொட்டு வச்சுக்கொண்டா வாறீங்க?"

இதற்கு வழி சொல்லத்தான் மிஸ் வந்தார். சிலாபத்துப் பிள்ளை, பழ ஆராய்ச்சி படித்தவர், இடைக்கிடை சிங்களம் கலந்து கதைப்பார். வேனில் ஒரு பெரிய பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்து கொட்டிலில் இறக்கினார். உள்ளே நாலு பக்கமும் மினுங்குகிற தகடு, தகட்டோடு நீட்டு நீட்டாக டியூப் லைட்டுகள், நடுவில் கம்பித் தட்டு, கதவில் சின்னக் கண்ணாடி. ராத்தா ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது அலுமாரிதானே," என்றார். அன்றிலிருந்து அது லைட் அலுமாரி.

"வெயில்ல இருக்கிற ஊதாக் கடந்த கதிர்தான் ராத்தா," என்று மிஸ் விளங்கப்படுத்தினார். "அதுலயும் இது பூமிக்கு வந்து சேராத, நல்லாச் சுடுற வகை. கண்ணால பாக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது. கதவத் திறந்தா லைட் தானா அணையும். பழத்தத் தட்டுல ஒரு வரிசையா வச்சு, கதவப் பூட்டி, இந்த பட்டன ஒருக்கா அமத்தணும். நேரம் முடிஞ்சதும் தானா நிக்கும். அவ்வளவுதான்."

"அப்ப பூசணத்தச் சுட்டுப்போடுமா?"

"மேல இருக்கிறதச் சுடும். உள்ள ஒளிஞ்சிருக்கிறதுக்கு வெளிச்சம் போய்ச் சேராது. ஆனா வெளிச்சம் பட்டதும் தோல் பயந்து முழிச்சுக்கும். தன்னைக் காக்கிறதுக்குத் தேவையானதத் தானே செய்யத் தொடங்கும். பழுக்கிறதும் கொஞ்சம் பிந்தும்."

ராத்தாவுக்கு இது பிடித்துவிட்டது. அன்று மாலைக்குள் தன் பாஷையில் ஆக்கி எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினார்: "அடிக்கிறதில்ல புள்ள. வெருட்டுறது. புள்ளைய ஒருக்கா வெருட்டிவிட்டா அது தன்ட புத்தியில நடக்குமே, அப்பிடி."

மிஸ்ஸிடம் அவர் கேட்ட கடைசிக் கேள்வி மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம். லைட் அணைந்த சத்தம், டிக் என்று, கேட்டவுடனே கேட்டார். ஒரு பிளேன்டீயை ஆற்றிக் குடிக்கிற நேரம்கூட அது எரியவில்லை.

"இவ்வளவுதானா மிஸ்?"

"இவ்வளவுதான் ராத்தா."

"கொஞ்சமா இல்ல?"

"கொஞ்சமாத்தான் வேணும்."

ராத்தா திரும்பி அலுமாரியைப் பார்த்தார். யாரோ தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் தந்த மாதிரி இருந்தது முகம்.

முதல் லோடுகள் நன்றாகப் போயின. ஹாஜியார் பழத்தைப் பல நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "பொட்டு வைக்கிற ஆள் லீவுல போய்ட்டாரோ?" என்று என்னிடம் கேட்டார். நோன்பு மாதம் வரப்போகிறது, நோன்பு திறக்கிறதுக்குச் சனம் பப்பாசி தேடும், மாதம் முழுக்க உங்கள் கொட்டிலில்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். கொட்டிலில் ஒரே சந்தோஷம். பெருநாள் உடுப்பு எடுப்பது பற்றி இப்போதே கதை தொடங்கிவிட்டது. மிஸ்ஸுக்கும் சந்தோஷம். இங்கே சரிவந்தால் அடுத்த அலுமாரி வண்ணாத்திவில்லுப் பக்கம் போகும் என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது அப்போது ஒருவருக்கும் தெரியாது. பிந்தித்தான் தெரிந்தது, நான் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் மண்ணெல்லாம் மணல். வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர்கள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கினால் கரண்ட் குறையும். வீட்டு லைட் மஞ்சளாகிவிடும், ஃபேன் சோம்பல் முறிக்கும். ராத்தா ஒரு பின்னேரம் அலுமாரிக் கண்ணாடியால் பார்த்திருக்கிறார். உள்ளே நீல வெளிச்சம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்திருக்கிறது. வெளிச்சத்தின் அளவு குறைகிறது, தராசு ஏமாற்றுகிறது என்று அவருக்குப் பட்டுவிட்டது. டிக் என்று அணைந்ததும், கதவைத் திறக்காமல், பட்டனை இன்னொருக்கா அமத்தியிருக்கிறார். அந்தப் பழங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் அடுத்த நாள், மோட்டர் ஓடாத நேரத்திலும் அமத்தினார். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. நோன்புக்கான முதல் லோடு வந்தபோது, பசித்த வாய்க்குப் போகிற பழம் என்று நினைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் இன்னும் ஒரு தரம், அதற்கு மேலும் ஒன்றிரண்டு தரம் அமத்தினார்.

அந்த லோடை ஏற்றினது நான்தான். பழம் ஒவ்வொன்றும் மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்து ஹாஜியாருடைய போனிலிருந்து என் போனுக்குப் படங்கள் வந்தன. இஸ்திரிப் பெட்டியைத் தூக்க மறந்தால் சட்டையில் ஒரு நிறம் விழுமே, அந்த நிறம். தோல் முழுக்கத் திட்டுத் திட்டாகக் கபிலம். ஒன்று இரண்டு இல்லை, பெட்டி பெட்டியாக. கூடவே அவருடைய குரல்: "ராத்தா, கோவிக்க வேணாம். நோன்பு நேரம், எனக்குப் பழம் வேணும். நாளைக்கு நான் வேற இடத்துல எடுக்க வேண்டி வரும்."

கொட்டிலில் மிச்சம் இருந்த பழத்திலும் அதே திட்டு எழும்பிவிட்டது. பெண்கள் அலுமாரியைப் பார்த்தார்கள். ஒருத்தி, "கடல் காத்துக்கு மெஷின் பழுதாப் போயிருக்கும்," என்றாள். இன்னொருத்தி, "மிஸ் கணக்கப் பிழையா வச்சிருப்பா," என்றாள். ராத்தா கத்தியை எடுத்து, கருகின பழம் ஒன்றை இரண்டாக வெட்டினார். உள்ளே சிவப்பு, நல்ல இறுக்கம், தேன். நோன்பு இல்லாத எனக்கு ஒரு துண்டு தந்தார்.

"உள்ள ஒரு குறையும் இல்ல தம்பி," என்றார் மெதுவாக.

"தோலப் பாத்துத்தானே ராத்தா வாங்குறாங்க."

"ஓம்," என்றார். மேல் பிடி இல்லாத பேச்சு அவரிடம் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் மிஸ் வேனோடு வந்தார். இரவெல்லாம் தூங்காத முகம். பழங்களைப் பார்த்தார், டியூப்களைப் பார்த்தார், தட்டுக்கும் லைட்டுக்கும் இடைவெளியை அளந்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "என்ட பிழை. நேரத்த நான்தான் செட் பண்ணினேன். எங்க பிழைச்சதெண்டு விளங்கல்ல. இந்த மெஷின் இந்தக் கரைக்குச் சரிவராதெண்டு எழுதிக் குடுத்திட்டுக் கொண்டுபோறன். வண்ணாத்திவில்லுக்கும் வேணாம்." வேனில் வந்த இரண்டு பேர் வயரைக் கழற்றப் போனார்கள்.

ராத்தா தன்னுடைய கதிரையில் இருந்தார். வாய் திறக்காமல் இருந்தால் போதும். அலுமாரி போய்விடும், பழி மிஸ்ஸோடு போய்விடும், அளவையில் ஒருநாளும் பிழைக்காத மனுஷி என்ற பெயர் அப்படியே இருக்கும். ஆனால் அலுமாரி போனால் ஹாஜியாரும் போவார், பெருநாள் உடுப்பும் போகும். நான் வாசலில் நின்றேன். ராத்தாவின் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

"வயர உடுங்க," என்றார்.

அவர்கள் நின்றார்கள்.

"மெஷின்ல பிழையில்ல மிஸ். ஒங்கட கணக்குலயும் பிழையில்ல. நான் பட்டன ஒருக்கா அமத்தல்ல. கூட அமத்தினேன்."

மிஸ்ஸுக்கு உடனே விளங்கவில்லை. "எத்தனை தரம்?"

ராத்தா நாலு விரலைக் காட்டினார். பிறகு யோசித்துவிட்டு ஐந்தாவதையும் விரித்தார். ரிஸானா வாயில் கையை வைத்தாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

"ஏன் ராத்தா சொல்லல்ல? நான் தலைய உடைச்சுக்கொண்டு இருக்கன்!"

"நல்லது செய்றனெண்டு நெனச்சன் புள்ள. நல்லது செய்றத்த யாரும் சொல்லிக்கொண்டா செய்வாங்க?"

மிஸ்ஸுக்குக் கோபம் வந்திருந்தது, வரவேண்டியதுதான். "அஞ்சு தரம் வெருட்டினா எந்தப் புள்ளை ராத்தா முழிச்சிருக்கும்? மயங்கித்தான் விழும்," என்றார்.

"ஓம் புள்ள. கொறஞ்சாத்தான் பாவமெண்டு இருந்துட்டன்," என்றார் ராத்தா.

பிறகு என்னுடைய போனை வாங்கி, எல்லோரும் கேட்கப் போட்டு, ஹாஜியாருக்குத் தானே எடுத்தார். சலாம் சொன்னார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். வேறு ஆள் என்றால் கரண்டைச் சொல்லியிருக்கும், மோட்டரைச் சொல்லியிருக்கும். அவர் தன்னுடைய கையைத்தான் சொன்னார். லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"ராத்தா," என்றார் ஹாஜியார் கடைசியில், "ஒங்கட வாப்பாட்ட வெங்காயம் வாங்கின ஆள் நான். அந்தத் தராச எனக்குத் தெரியும். ஒரு லோடு பாப்பம். ஆனா இந்தமுறை அல்லாவுக்காகக் கொஞ்சம் கஞ்சத்தனமா அனுப்புங்க."

கொட்டிலே சிரித்தது. வேனில் வந்தவர்களும் சிரித்தார்கள். ராத்தா மட்டும் சிரிக்கவில்லை; அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அந்த லோடு எப்படிப் போனது என்று கேட்பீர்கள். நன்றாகப் போனது. புள்ளியும் இல்லை, கருகலும் இல்லை. அந்த நோன்பு மாதம் முழுக்க ஓய்வில்லாமல் ஓடினேன். பிறகு வண்ணாத்திவில்லுக்கும் ஓர் அலுமாரி போனது. ராத்தா சில வருஷம் கொட்டிலை நடத்திவிட்டு, மகளோடு இருக்கப் புத்தளம் டவுனுக்குப் போய்விட்டார். எனக்கும் பாதை மாறிவிட்டது. இப்போது அவரை நினைத்தால் கருவாட்டுத் தராசு ஞாபகம் வருவதில்லை. அந்தக் காலையில் அதற்குப் பிறகு நடந்த சின்ன விஷயம் ஒன்றுதான் வரும்.

புதிதாக வந்த பழத்தை ரிஸானா தட்டில் ஒரு வரிசையாக வைத்தாள். கதவைப் பூட்டினாள். யார் அமத்துவது என்று எல்லோரும் நின்றோம். மிஸ், ரிஸானாவைத்தான் சொல்லுவார் என்று நினைத்தேன்.

"நீங்களே அமத்துங்க ராத்தா," என்றார் மிஸ்.

"நானா? இவ்வளவுக்குப் பொறகுமா?"

"நீங்கதான்."

ராத்தா எழும்பி வந்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். பிஸ்மில்லாச் சொல்லி அமத்தினார். கண்ணாடியில் நீலம் ஏறியது. தூரத்தில் எங்கேயோ ஒரு தோட்டத்தில் மோட்டர் ஒன்று ஓடத் தொடங்கியது. மேலே ஃபேன் கொஞ்சம் தளர்ந்தது. நீலமும் ஒரு கண் மங்கின மாதிரி இருந்தது. ராத்தா அதைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம்.

டிக் என்று அணைந்தது.

அவருடைய விரல் பட்டனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. "போதுமா மிஸ்?" என்று, பட்டனைப் பார்த்துக்கொண்டே கேட்டார் ராத்தா.

மிஸ் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்கு முன்னமே ராத்தா கதவைத் திறந்து, முதல் பழத்தை வெளியே எடுத்துவிட்டார்.